இருபத்தொரு தோல்விகளும் ஒரு நகரமும்

பேஸ்பால் ஆட்டத்தை நம்மில் பெரும்பாலோர் திரைப்படங்களில்தான் பார்த்திருப்போம். ஆயினும், நம் பள்ளித் திடல்களில் விளையாடப்படும் சாஃப்ட்பால் அதன் நெருங்கிய உறவு. மட்டை, கையுறை, நான்கு தளங்கள், பந்தெறிபவர், மட்டையாளர் என எல்லாமே இரண்டிலும் உண்டு. ஆகவே, இப்பகுதியில் வரும் ஆட்டம் உங்களுக்கு முற்றிலும் புதியதன்று. அந்த ஆட்டத்தை நாள் தவறாமல் பின்தொடரும் இரசிகரின் வாழ்க்கைதான் புதியதாக இருக்கலாம்.

காற்பந்து இரசிகர் ஓர் ஆட்டத்திற்கும் அடுத்த ஆட்டத்திற்கும் இடையே சில நாள்களாவது காத்திருப்பார். தோல்வியின் வருத்தம் ஆறுவதற்கு அவருக்கு நேரம் உண்டு. அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் அப்படியன்று. இளவேனிற்காலம் தொடங்கி இலையுதிர்காலம்வரை ஒவ்வொரு குழுவும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. இன்று ஆட்டம், நாளை ஆட்டம், நாளை மறுநாளும் ஆட்டம். ஒரு பருவத்தில் 100 ஆட்டங்களில் வெல்லும் குழுவை மிகச் சிறந்த குழு என்று கொண்டாடுவார்கள். அந்தக் குழுவும் 62 முறை தோற்றிருக்கும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். தோல்வி என்பது இந்த ஆட்டத்தில் அன்றாடச் சோறு போன்றது. அதனால்தான் அனுபவமிக்க இரசிகர்கள், ஏப்ரல் மாத முடிவுகளைக் கண்டு துள்ளவும் மாட்டார்கள், துவளவும் மாட்டார்கள். “இன்னும் 150 ஆட்டங்கள் இருக்கின்றனவே” என்று சொல்லிவிட்டு நாளிதழை மடித்து வைப்பார்கள்.

1988ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு நகரம் அப்படிச் சொல்ல முயன்றது. அதனால் முடியவில்லை.

அந்த நகரம், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பால்டிமோர். கப்பல் துறைமுகமும் இரும்பு ஆலைகளும் நிறைந்த தொழிலாளர் நகரம் அது. அதன் பேஸ்பால் குழு ஓரியோல்ஸ். ஓரியோல் என்பது ஆரஞ்சும் கறுப்பும் கலந்த இறகுகளைக் கொண்ட ஒரு பறவை. மேரிலாந்தின் மாநிலப் பறவையும் அதுவே. குழுவின் சீருடையிலும் அதே வண்ணங்கள். 33ஆம் தெருவில் குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே எழுந்து நின்ற மெமோரியல் அரங்கமே அந்தக் குழுவின் இல்லம்.

அங்கு வசிக்கும் உங்கள் வயதுடைய ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவளுக்கு 14 வயது. அவள் நம் கற்பனையில் பிறந்தவள். ஆனால், அவளைச் சுற்றி நடந்தவை அனைத்தும் உண்மை. அவளிடம் ஓர் ஆட்டக் குறிப்பேடு இருக்கிறது. கட்டங்கள் அச்சிடப்பட்ட அந்த ஏட்டில், ஒவ்வொரு மட்டையாளருக்கும் என்ன நேர்ந்தது என்பதைப் பென்சிலால் பதிவு செய்வது பேஸ்பால் இரசிகர்களின் நெடுநாள் வழக்கம். திடலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பந்தெறிபவர் 1, பந்து பிடிப்பவர் 2, முதல் தளத்தைக் காப்பவர் 3, இரண்டாம் தளத்தைக் காப்பவர் 4, மூன்றாம் தளத்தைக் காப்பவர் 5, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையில் நிற்பவர் 6. குறிப்பேட்டில் ‘6-4-3’ என்று எழுதியிருந்தால், ஆறாம் எண்காரர் பந்தைப் பிடித்து நான்காம் எண்காரருக்கு எறிந்தார், அவர் அதை மூன்றாம் எண்காரருக்கு எறிந்தார், ஒரே பந்தில் எதிரணியினர் இருவர் ஆட்டமிழந்தனர் என்று பொருள்.

அந்த ஆண்டு ஓரியோல்ஸ் இரசிகர் ஒருவர் ‘6-4-3’ என்று எழுதும்போது ஒரு குடும்பக் கதையையும் சேர்த்தே எழுதினார். ஆறாம் எண்ணுக்குரிய இடத்தில் நின்றவர் கால் ரிப்கன் இளையவர். நான்காம் இடத்தில் நின்றவர் அவருடைய தம்பி பில்லி ரிப்கன். மூன்றாம் இடத்தில் எடி மரே என்னும் புகழ்பெற்ற மட்டையாளர். அண்ணன் தம்பிக்கு எறிய, தம்பி மரேவுக்கு எறிவார். ஓரமாக அமர்ந்து குழுவை வழிநடத்திய மேலாளர், அவ்விரு சகோதரர்களின் தந்தை கால் ரிப்கன் மூத்தவர். தந்தை ஒருவர் தம் இரு மகன்களையும் ஒரே குழுவில் வைத்து வழிநடத்தியது, அந்த உயர்நிலைப் போட்டியில் அதற்கு முந்திய ஆண்டுதான் முதன்முதலாக நிகழ்ந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1983இல், இதே குழு உலகத் தொடரை வென்றிருந்தது. கால் இளையவரும் மரேவும் அந்த வெற்றிக் குழுவில் இருந்தவர்கள். ஆகவே, 1988ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்திற்கு ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்ததில் வியப்பில்லை. நம் மாணவியும் தன் அப்பாவோடு அன்று அரங்கில் இருந்தாள் என்று வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல் 4, திங்கட்கிழமை. எதிரணி மில்வாக்கி புரூவர்ஸ். முடிவு 12-0. ஓரியோல்ஸ் எடுத்தது சுழியம்.

“முதல் ஆட்டம்தானே” என்று அப்பா சொல்லியிருப்பார். அந்தச் சொல்லில் தவறில்லை. அடுத்த ஆட்டத்திலும் தோல்வி. பிறகு குழு கிளீவ்லாந்துக்குச் சென்று நான்கு ஆட்டங்கள் ஆடியது, நான்கிலும் தோற்றது. ஆறு ஆட்டங்கள், ஆறு தோல்விகள். ஏப்ரல் 12ஆம் நாள் குழு நிருவாகம் மேலாளரைப் பதவியிலிருந்து நீக்கியது. 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஆறே ஆட்டங்களுக்குப் பின்! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நிறுவனத்திலேயே ஆட்டக்காரராக, பயிற்றுநராக, மேலாளராக உழைத்தவர் அவர். இந்த முடிவு அவசரமானது என்பதே என் கருத்து. ஆறு ஆட்டங்களை வைத்து ஒரு குழுவின் தரத்தை அளப்பது, ஒரு வார மழையை வைத்து ஓர் ஆண்டின் பருவநிலையைக் கணிப்பது போன்றது.

மகன்கள் இருவரும் மறுநாளும் சீருடை அணிந்து ஆட வேண்டியிருந்தது. அவர்கள் வெளிப்படையாகச் சண்டையிடவில்லை. பில்லி ரிப்கன் ஒன்று செய்தார். அதுவரை 3ஆம் எண் சட்டையை அணிந்திருந்தவர், தந்தை அணிந்திருந்த 7ஆம் எண்ணுக்கு மாறிக்கொண்டார். அரங்கில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

புதிய மேலாளராக வந்தவர் பிராங்க் ராபின்சன். 1966இல் ஓரியோல்ஸ் உலகத் தொடரை வெல்லக் காரணமாக இருந்த மாபெரும் மட்டையாளர். 1975இல் உயர்நிலை பேஸ்பாலின் முதல் கறுப்பின மேலாளராகிய பெருமைக்குரியவர். இரசிகர்கள் நம்பினார்கள். ஆனால், தோல்விகள் நிற்கவில்லை. மேலாளர் மாறினாலும் மட்டையைப் பிடிப்பவர்கள் அவர்களேதானே? பால்டிமோரில் நடந்த ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. அவற்றுள் ஒன்று மிகவும் கொடுமையானது. வழக்கமான ஒன்பது சுற்றுகளில் இரு குழுக்களும் ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. ஆட்டம் 11ஆம் சுற்றுவரை நீண்டது. முடிவில் கிளீவ்லாந்து 1, பால்டிமோர் 0. பெரிய தோல்வியை மறப்பது எளிது. 12-0 என்பது சிரித்துவிட்டுப் போகக்கூடிய எண். 1-0 அப்படிப்பட்டதன்று. எந்தப் பந்தில் எது மாறியிருந்தால் வென்றிருக்கலாம் என்று இரவெல்லாம் மனம் தேடிக்கொண்டே இருக்கும்.

அதன்பின் குழு நீண்ட சுற்றுப்பயணம் கிளம்பியது. மில்வாக்கி, கன்சாஸ் சிட்டி, மினசோட்டா, சிகாகோ என்று 12 ஆட்டங்கள். அந்த ஊர்கள் அனைத்தும் பால்டிமோரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய நேர மண்டலத்தில் உள்ளவை. எனவே, இரவு ஆட்டங்கள் தாமதமாகத் தொடங்கி, பள்ளி செல்லும் பிள்ளைகள் உறங்கிய பின்னரே முடியும். அக்காலத்தில் கைப்பேசி பரவலாக இல்லை; இணையமும் வீடுகளுக்கு வரவில்லை. தொலைவில் நடக்கும் ஆட்டத்தை அறிய வானொலிதான் துணை. ஓரியோல்ஸ் ஆட்டங்களை ஜான் மில்லர் என்னும் வருணனையாளர் வானொலியில் வருணித்துவந்தார். நம் மாணவி தலையணைக்கு அடியில் சிறிய வானொலிப் பெட்டியை வைத்து, ஒலியை மிகக் குறைத்து, இருட்டிலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஏழாம் சுற்றில் உறங்கிவிடுகிறாள். காலையில் எழுந்ததும் வாசலில் கிடக்கும் நாளிதழை எடுத்து, விளையாட்டுப் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும் ஆட்டக் கணக்கைப் பார்த்து, விடுபட்ட கட்டங்களை நிரப்புகிறாள். பிறகு பக்கத்தின் மேலே எழுதுகிறாள்: தோல்வி.

பருவத் தொடக்கத்தில் மிக அதிகமான தொடர் தோல்விகளைச் சந்தித்த குழுக்கள் அதுவரை இரண்டு. 1904இல் வாஷிங்டன் குழுவும் 1920இல் டெட்ராய்ட் குழுவும் முதல் 13 ஆட்டங்களில் தோற்றிருந்தன. மில்வாக்கியில் 14ஆவது முறையாகத் தோற்றபோது ஓரியோல்ஸ் அந்தப் பழைய சாதனையைக் கடந்தது. யாரும் விரும்பாத சாதனை. அதன்பின் நாடெங்கிலுமிருந்து செய்தியாளர்கள் குவிந்தனர். வெல்லும் குழுவைப் பார்க்க வராதவர்கள்கூடத் தோற்கும் குழுவைப் பார்க்க வந்தார்கள்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழு ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்வதற்கும் தோற்பதற்கும் சம வாய்ப்பு உண்டென்றால், அது 21 முறை தொடர்ந்து தோற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 21 இலட்சத்தில் ஒன்று. மூன்று ஆட்டங்களுக்கு ஒன்றில் மட்டுமே வெல்லக்கூடிய மிகப் பலவீனமான குழுவென்றாலும், அந்த வாய்ப்பு ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒன்றுதான். (கணிதத்தில் ஆர்வமுள்ளோர் மூன்றில் இரண்டு என்னும் பின்னத்தை 21 முறை பெருக்கிச் சரிபார்க்கலாம்.) மோசமான குழுவாக இருப்பது மட்டும் போதாது, அதிர்ஷ்டமும் முழுமையாகக் கைவிட வேண்டும். அந்த ஏப்ரலில் இரண்டுமே நடந்தன.

ஊரில் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? சிலர் சிரித்தார்கள், சிலர் சினந்தார்கள். பாப் ரிவர்ஸ் என்னும் வானொலி அறிவிப்பாளர், ஓரியோல்ஸ் ஓர் ஆட்டத்தில் வெல்லும்வரை ஒலிபரப்புக் கூடத்தைவிட்டு வெளியேறப் போவதில்லை என்று அறிவித்தார். ஓரிரு நாளில் முடிந்துவிடும் என்றுதான் அவரும் எண்ணியிருப்பார். பாடல்களுக்கு இடையே சிறு தூக்கம் போட்டுக்கொண்டு அவர் 258 மணி நேரம் ஒலிபரப்பில் இருந்தார். ஏறத்தாழ 11 நாள்கள்! அதிபர் ரொனால்டு ரேகனே மேலாளர் ராபின்சனைத் தொலைபேசியில் அழைத்து ஊக்கமளித்தார். ரேகன் இளமையில் வானொலியில் பேஸ்பால் வருணனை செய்தவர் என்பதால், ராபின்சனின் நிலை அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

ஆனால், அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் அச்சம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் இந்தக் கதை வெறும் வேடிக்கைக் கதையாகிவிடும்.

அமெரிக்காவில் தொழில்முறை விளையாட்டுக் குழு என்பது தனியாரின் சொத்து. குழுவின் பெயரில் ஊரின் பெயர் இருக்கும். ஆனால், ஊருக்கு அதில் உரிமை இராது. உரிமையாளர் விரும்பினால் வேறு நகரத்துக்குக் குழுவைக் கொண்டுபோய்விடலாம். மாநிலத்தின் பெயரைத் தாங்கிய காற்பந்துக் குழு ஒன்று ஓர் இரவில் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வதை நாம் எண்ணிப் பார்ப்பதே கடினம். பால்டிமோர் மக்களோ அதைக் கண்ணால் கண்டவர்கள்.

ஓரியோல்ஸ் ஆடிய அதே மெமோரியல் அரங்கில் கோல்ட்ஸ் என்னும் அமெரிக்கக் காற்பந்துக் குழுவும் ஆடிவந்தது. 1953 முதல் நகரத்தின் உயிரோடு கலந்திருந்த குழு அது. அரங்கைப் புதுப்பிப்பது தொடர்பாக உரிமையாளருக்கும் அரசுக்கும் இடையே நெடுங்காலமாகப் பூசல். குழுவை அரசே கையகப்படுத்த வழிசெய்யும் சட்ட முன்வரைவு ஒன்று மேரிலாந்துச் சட்டமன்றத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. 1984ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் இரவு, பனி பெய்துகொண்டிருந்தபோது, வீட்டுப் பொருள்களை ஏற்றிச் செல்லும் பெரிய சரக்குந்துகள் குழுவின் பயிற்சி நிலையத்துக்கு வந்தன. தலைக்கவசங்கள், சீருடைகள், கோப்புகள் என அனைத்தும் ஏற்றப்பட்டன. பொழுது விடிவதற்குள் வண்டிகள் இண்டியானாபோலிஸ் நகரை நோக்கிச் சென்றுவிட்டன. காலையில் எழுந்த நகரத்துக்கு ஒரு குழு இல்லை. அப்போது மேயராக இருந்த வில்லியம் டொனால்டு ஷேஃபர்கூட அந்த இரவில் ஏதும் அறியாதவராகவே இருந்தார். கோல்ட்ஸ் குழுவின் இசைக்குழு மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆட்டக் குழுவே இல்லாமல், அந்த இசைக்குழு தொடர்ந்து பல ஆண்டுகள் வாசித்துக்கொண்டிருந்தது.

1988இல் நம் மாணவிக்கு 14 வயதென்றால், அந்தப் பனி இரவின்போது அவளுக்கு 10 வயது. அவளுக்கு அது நினைவிருக்கும்.

இப்போது ஓரியோல்ஸ் குழுவின் நிலையைப் பாருங்கள். அதன் உரிமையாளர் எட்வர்ட் பென்னட் வில்லியம்ஸ், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாஷிங்டன் நகரத்தின் பெயர்பெற்ற வழக்கறிஞர். 1979இல் அவர் குழுவை வாங்கிய நாள்முதல், அதை வாஷிங்டனுக்கே கொண்டுபோய்விடுவார் என்ற பேச்சு ஓயவில்லை. வாஷிங்டனிலோ அப்போது பேஸ்பால் குழு இல்லை; அவர்களின் குழு 1971ஆம் ஆண்டுப் பருவத்தோடு டெக்சஸ் மாநிலத்துக்குச் சென்றுவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓரியோல்ஸ் குழுவே 1954இல் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து பால்டிமோருக்கு வந்ததுதான். அந்த ஊரின் இரசிகர்கள் இழந்ததைத்தான் பால்டிமோர் பெற்றது. இந்தக் கதையில் யாருடைய கையும் முழுத் தூய்மையானதன்று.

ஆகவே, தோல்விகள் அடுக்கடுக்காக வந்தபோது பால்டிமோர் இரசிகர் ஒருவரின் மனத்தில் எழுந்த கேள்வி, ‘எப்போது வெல்வோம்?’ என்பது மட்டுமன்று. தோற்கும் குழுவைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள், அரங்கம் வெறிச்சோடும், உரிமையாளருக்கு வெளியேற ஒரு காரணம் கிடைத்துவிடும். தோற்கும் குழுவுக்கும் இல்லாமற்போன குழுவுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஏப்ரல் 28. முந்திய ஆண்டின் வெற்றி வீரர்களான மினசோட்டா குழுவிடம் 4-2 என்று தோல்வி. அது 21ஆவது தோல்வி. ராபின்சன் பொறுப்பேற்றபின் மட்டும் 15 தோல்விகள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிகாகோவின் கொமிஸ்கி பார்க் அரங்கம். முதல் சுற்றிலேயே எடி மரே ஒரு ஹோம் ரன் அடித்தார். முன்னிலை பெறுவது ஒன்றும் புதிதில்லை. முன்னிலையைக் காப்பாற்றுவதே இந்தக் குழுவுக்கு வராத கலை. வானொலிக்கு அருகில் இருந்தவர்கள் மகிழவும் அஞ்சினார்கள். பின்னர்க் கால் ரிப்கன் இளையவரும் ஹோம் ரன் அடித்தார். மார்க் வில்லியம்சன் என்னும் பந்தெறிபவரும் அவருக்குப்பின் வந்த டேவ் ஷ்மிட்டும் எதிரணியை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடவில்லை. ஓரியோல்ஸ் 9, சிகாகோ 0. பாப் ரிவர்ஸ் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

திரைப்படமாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். உண்மையில், சனிக்கிழமை தோல்வி, ஞாயிற்றுக்கிழமையும் தோல்வி. ஒரு வெற்றி, 23 தோல்விகள் என்ற கணக்கோடு குழு ஊர் திரும்பியது.

மே 2, திங்கட்கிழமை இரவு மெமோரியல் அரங்கில் ஆட்டம். இரசிகர்களுக்கான சிறப்பு இரவாக அதைக் குழு அறிவித்திருந்தது. வார நாள். மறுநாள் பள்ளி உண்டு, வேலை உண்டு. 24 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வென்ற குழுவைப் பார்க்க அன்று அரங்கிற்கு வந்தவர்கள் 50,402 பேர்.

இந்த எண்ணைச் சற்று நேரம் பாருங்கள். முதல் ஆட்டத்திற்கு ஐம்பதாயிரம் பேர் வந்ததற்கு எதிர்பார்ப்பு காரணம். அன்று எந்தக் குழுவுக்கும் தோல்வியே இல்லை. எல்லாருக்கும் கனவு உண்டு. மே 2ஆம் நாள் வந்தவர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றி எந்தக் கனவும் மிஞ்சியிருக்கவில்லை. கோப்பை கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். இதைக் கண்மூடித்தனமான பற்று என்று சிலர் சொல்வார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் கண்டிப்பாக இருந்திருப்பார்கள். எனினும், நான்காண்டுகளுக்கு முன் ஒரு குழுவைப் பறிகொடுத்த நகரம், மற்றொரு குழுவின் மிகக் கேவலமான நிலையில் அரங்கை நிறைத்தது என்றால், அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டுதான் வந்தார்கள் என்பதே எனக்குத் தோன்றுவது. உரிமையாளரும் பார்க்கட்டும், வாஷிங்டனும் பார்க்கட்டும் என்று வந்தார்கள்.

அன்றைய எதிரணி டெக்சஸ் ரேஞ்சர்ஸ். 1971இல் வாஷிங்டனைவிட்டுப் போன குழு அதுதான். போட்டி அட்டவணை தற்செயலாகத்தான் அப்படி அமைந்தது. ஆயினும், அதைக் கவனித்த முதியவர்கள் சிலராவது அந்த இருக்கைகளில் இருந்திருப்பார்கள்.

அன்றிரவு மைதானத்துக்கு ஷேஃபர் வந்தார். பனி இரவில் மேயராக இருந்தவர், இப்போது மேரிலாந்தின் ஆளுநர். நகரத்தின் நடுப்பகுதியில், கேம்டன் யார்ட்ஸ் என்னுமிடத்தில், புதிய அரங்கம் கட்டப்படவிருப்பதையும் அங்கு ஆடுவதற்கு ஓரியோல்ஸ் 15 ஆண்டு ஒப்பந்தத்துக்கு உடன்பட்டிருப்பதையும் கூட்டம் அறிந்துகொண்டது. புற்றுநோயால் நலிந்திருந்த வில்லியம்ஸும் உடன் இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். குழு போகாது. அந்த ஆரவாரம் 33ஆம் தெருவின் வீடுகளுக்குள்ளும் கேட்டிருக்கும்.

பிறகு ஆட்டம் நடந்தது. ஓரியோல்ஸ் 9, டெக்சஸ் 4.

பருவத்தின் எஞ்சிய பகுதியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. 54 வெற்றிகள், 107 தோல்விகள் என்று குழு கடைசி இடத்தில் முடித்தது. அடுத்த ஆண்டு, பெரும்பாலும் இளைஞர்களைக் கொண்ட ஓரியோல்ஸ் 87 ஆட்டங்களில் வென்று, பிரிவுப் பட்டத்துக்காகப் பருவத்தின் இறுதி வாரம்வரை போராடியது. ‘ஏன் முடியாது?’ என்பதே அந்த ஆண்டு இரசிகர்களின் முழக்கம். பட்டம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு கால் ரிப்கன் மூத்தவர் பயிற்றுநராகக் குழுவுக்குத் திரும்பி வந்தார். மூன்றாம் தளத்துக்கு அருகில் நின்று, ஓடிவரும் ஆட்டக்காரர்களுக்குச் சைகை காட்டும் பணி அவருக்கு.

1992ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் கேம்டன் யார்ட்ஸ் அரங்கம் திறக்கப்பட்டது. எதிரணி கிளீவ்லாந்து, 11 சுற்றுகள் ஆடி 1-0 என்று வென்று சென்ற அதே கிளீவ்லாந்து. நம் மாணவிக்கு இப்போது 18 வயது. குறிப்பேடு மாறியிருக்கிறது; பழக்கம் மாறவில்லை. ஆறாம் எண்ணுக்கு நேரே இன்னமும் ரிப்கன் என்றுதான் எழுதுகிறாள். நான்காம் எண்ணுக்கு நேரேயும் ரிப்கன்தான்.

ஐந்தாம் சுற்றில் கிரிஸ் ஹோய்ல்ஸ் அடித்த பந்தில் ஓரியோல்ஸ் முதல் ஓட்டத்தை எடுத்தது. மூன்றாம் தளத்தில் இப்போது லியோ கோமஸ் நிற்கிறார். மட்டையுடன் வருபவர் பில்லி ரிப்கன். அவர் ஓங்கி அடிக்கவில்லை. மட்டையைக் குறுக்கே நீட்டிப் பந்தை மெல்லத் தட்டிவிட்டார். கோமஸ் அதற்குள் இல்லத் தளத்தை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார். அந்த மூன்றாம் தளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவர் பில்லியின் தந்தை. கோமஸ் இல்லத் தளத்தைத் தொட்டார், 2-0. ஆட்டம் முடியும்வரை அந்த எண் மாறவில்லை. அவள் பென்சிலைக் கூர்மையாக்கிக்கொண்டு, குறிப்பேட்டின் மேலே ‘வெற்றி’ என்று எழுதினாள். அதன் அருகில் ஒரு சிறு கணக்கு: 1-0.